அரைப் பேர்

"உரச் சிட்டை, அவசரம்" என்று வந்தது மின்னஞ்சல்.
உரம் வராத மாதம்.
வந்துவிட்டதாக்கும் என்று திறந்தவன் நான்தான்,
வேறு யாரையும் சொல்லிக் குற்றமில்லை.
மேலே ஒரு மஞ்சள் பட்டை அனுமதி கேட்டது.
ஒரு கையில் தேத்தண்ணி. மறு கையால் அனுமதித்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை.
அட்டை ஏறும்போது யாருக்குத் தெரிகிறது?
சப்பாத்துக்குள் ஈரம் பிசுபிசுத்த பிறகுதானே
குனிந்து பார்க்கிறோம்.

பின்னேரம் நாலரைக்கு செக்ரோலைத் திறக்கிறேன்:
மேற்கணக்கு, கீழ்க்கணக்கு,
எல்லாக் கோப்பின் பெயருக்கும் பின்னால்
ஐந்தெழுத்தில் ஒரு வால்.
பகல் முழுக்க ஒவ்வொன்றாய்ப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறது.
திரையில் சிவப்பாய் ஒரு கடிதம்.
எழுபத்திரண்டு மணித்தியாலம் தவணை.
நம்ம ரூபாய் வேண்டாமாம்,
கண்ணால் காணாத ஏதோ காசு.

எங்கள் தோட்டத்தில் பேர் என்றால் வெறும் பேரில்லை.
பதினெட்டுக் கிலோ பறித்தால் ஒரு பேர்.
குறைந்தால் அரைப் பேர்.
முந்நூற்றுப் பன்னிரண்டு ஆட்களின்
இருபத்திரண்டு நாள் அந்தப் பெட்டிக்குள்.
பத்தாம் திகதி சம்பளம்.

ஹட்டனிலிருந்து ரிம்சான் வந்தான்.
ஹெல்மட்டைக் கழற்றுமுன் வயரைக் கழற்றினான்.
"ஃபெக்டரி தராசும் இதே லைன்லயா?
அதையும் பிடுங்குங்க."
ஓடினேன்.
"அணைச்சு அணைச்சுப் போட்டீங்களா?"
ஐந்து தரம், என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை.
சிவப்புக் கடிதத்தைப் படமெடுத்தான்.
அந்த ஐந்தெழுத்தைக் குறித்துக்கொண்டு
இந்த வாலுக்கு யாராவது சாவி செய்திருக்கிறார்களா என்று
தன் போனில் நெடுநேரம் தேடினான்.
சிலதுக்கு உண்டாம், காசில்லாமலே.
இதுக்கு இல்லை.

"கட்டினா?" என்றார் தொரை.
"கட்டியும் கிடைக்காத ஆட்கள் இருக்காங்க சேர்.
கட்டுற இடம்னு தெரிஞ்சா திரும்ப வருவான்."

பிரதி எடுத்துவைக்கும் டிஸ்க்?
இருந்தது. ஆறு மாதமாய்க் கழற்றாமல்
அதே பெட்டியில் சொருகியபடி.
அதற்கும் வால் முளைத்திருந்தது.

பழைய டிஸ்க்கை வெளியே எடுத்தான்,
புதிது போட்டான், எல்லாம் முதலிலிருந்து.
விடிய இரண்டு மணிக்குச் சொன்னான்:
"கிருமி போயிட்டுது.
ஆனா பூட்டு கிருமி இல்ல அண்ணே,
அது அப்படியேதான் கிடக்கும்."

காலையில் பெரட்டுக்களத்தில் அறிவித்தேன்:
கொழுந்துச் சிட்டை வைத்திருப்பவர்கள் கொண்டுவரவும்.
யார் வைத்திருக்கப் போகிறார்கள் என்றிருந்தேன்.
வைத்திருந்தார்கள்.
பனடோல் மட்டைக்குள் மடித்து,
சவர்க்காரப் பெட்டியில், கிளினிக் கார்ட்டின் இடுக்கில்.
யோகமலர் ஒரு டயறியையே மேசையில் வைத்தாள்.
காலை, பகல், அந்தி:
மூன்று நிறுவையும் தனித்தனியாய், நீல மையில்.
"வாசிச்சு அடிங்க ஐயா. நான் நிக்கிறேன்."

பன்னிரண்டாம் திகதி, பத்தொன்பதரை.
ஞாபகமிருந்தது எனக்கு.
அன்று அவளுக்கு அரைப் பேர்.
ஈரத்துக்கு ஒன்று, சாக்குக்கு ஒன்று,
நிறுவைக்கு நிறுவை கழிப்பது வழக்கம்.
யார் தொடங்கிய வழக்கமென்று கேட்டதில்லை,
விரல் தானாகவே கழிக்கும்.
சிட்டையில் கழிவு கிடையாது.
கழித்ததெல்லாம் உள்ளே, அந்தப் பூட்டுக்குள்.

பத்தொன்பதரை என்று அடித்தேன்.
ஒரு பேர்.
"அடுத்தது?" என்றாள்.
அதையும் அடித்தேன்.
வரிசை படியிறங்கி
மருந்துக்காம்பரா வரைக்கும் நின்றது.

இப்போது பிரதி இரண்டு இடத்தில்.
எடுத்தவுடன் கழற்றிவிடுகிறேன்.
அறியாத சிட்டை எதையும் தொடுவதில்லை.
பழைய டிஸ்க் என் லாச்சியில்.
"வீசிறாதீங்க, என்னைக்காவது சாவி வெளியில வரும்"
என்று சொல்லிவிட்டுப் போனான் ரிம்சான்.
தொரையும் மாதமொரு தரம் கேட்கிறார், வந்ததா என்று.
இன்னும் இல்லை சேர்.

லாச்சியைப் பூட்டி
சாவியை நானே வைத்திருக்கிறேன்.