இரண்டு டேங்க் பெட்ரோல்

செவ்வாய் ராத்திரிக் காற்றில்
கொல்லாமரம் சாய்ந்தது.
மூடு எங்கள் விளையில்.
கொண்டை, ஷைலஜாவின் மரச்சீனிக்கு மேல்.
இடையில் முழங்கால் உயரத்தில் ஒரு கல்;
அதற்கு அந்தப் பக்கம் கேரளம்.
பனச்சமூட்டில் இதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை.
மீன் வாங்க அங்கே போவோம்,
சில்லறை மாற்ற இங்கே வருவார்கள்.
விறகு அப்படியில்லை.

சிலிண்டர் இருக்கிறது எனக்கு.
அது காலைச் சாயாவுக்கு, வந்துபோகிறவர்களுக்கு.
மரச்சீனி அவிக்க, மாட்டுக்குக் கஞ்சி காய்ச்ச,
குளிக்க வெந்நீர் வைக்க
அதைத் தொட்டால்
இருபதாம் தேதி தாண்டாது.

வில்பிரட் வந்தான், தோளில் மிஷின் வாள்,
கையில் சோடாக் குப்பி நிறைய
ஆயில் கலந்த பெட்ரோல்.
அவனுக்கு மணிக்கணக்கு கிடையாது, டேங்க் கணக்கு.
ஒரு டேங்க் தீரும்வரை அறுப்பான், அறுநூறு.
"வாளு சும்மா நின்னு உறுமினாலும் எண்ணெ போவும், அக்கா.
எங்க அறுக்கணும்னு மொதல்லயே சொல்லிரணும்."
விடியுமுன்பே கரித்துண்டால்
கோடு போட்டு வைத்திருந்தேன்,
முழத்துக்கு ஒன்று.
என் அடுப்பின் வாய் அவ்வளவுதான்.

கயிற்றை இழுத்தான். ஒன்று. இரண்டு.
மூன்றாவது இழுப்பில் விளையே அதிர்ந்தது.
முசிற்றுக் கூடு உடைந்து சட்டைக்குள் இறங்க
வாளைத் தரையில் வைத்துவிட்டுக் குதித்தான்.
வாள் ஓடிக்கொண்டே இருந்தது.
என் காசு, நின்ற இடத்தில் எரிந்தது.

பிறகு தூள்.
முதலில் வெள்ளை, உள்ளே போகப் போக இளஞ்சிவப்பு,
என் புருவத்தில், கிணற்றுத் தண்ணீரில்,
காயப்போட்ட பாவாடையில்.
எட்டாவது கோட்டில் தீப்பொறி.
ஆணி.
அந்தப் பக்கத்துக் கேபிளை இந்தப் பக்கம் இழுக்க
வீட்டுக்காரர் அடித்தது. அடிக்கச் சொன்னது நான்,
ஒரு சீரியலுக்காக.
மரம் அதை விழுங்கிப் பன்னிரண்டு வருடம்.
வில்பிரட் உட்கார்ந்து
பல் பல்லாக அரம் போட்டான்.
அரத்துக்குப் பெட்ரோல் ஆகாது,
அந்த மட்டுக்கும் நல்லது.

இத்தனைக்கும் ஷைலஜா
இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள்.
"கொம்பு எண்ட பறம்பிலல்லே?"
"மூடு ஆருக்கதாக்கும்?" என்றேன்.
"எண்ட மரச்சீனி முப்பது மூடு போயல்லோ!"
என் ஒரு மூட்டுக்கு
அவள் முப்பது மூடு.

கல்லை நெருங்கும்போது வாள் இருமி நின்றது.
வில்பிரட் இருவரையும் பார்த்தான்.
"அடுத்த டேங்க் ஆருக்க கணக்கு?"
மிஷின் ஓய்ந்த காதில்
ஒரு காக்கை மட்டும் கேட்டது.

அப்போதுதான் அவள் முதுகுக்குப் பின்னால் பார்த்தேன்.
அடுக்களை வாசலில்
புளி தேய்த்துக் கவிழ்த்த செம்புக் கிடாரம்.
புதிதாக மெழுகிய மூன்று கல்.
கொடியில், பழைய வேட்டியைக் கிழித்த
சின்னச் சின்னச் சதுரங்கள்.
"நீது வந்தாச்சா?"
"ஒம்பதாயி," என்றாள்,
கை இடுப்பிலிருந்து இறங்கியது.

தொண்ணூறு நாள் வேதுவெள்ளம்.
நாளுக்கு ஒரு கிடாரம்.
என் அடுப்பில் ஒரு மாதம் எரிவது
அங்கே நாலு நாளில் சாம்பல்.

கல்லைத் தாண்டிப் போய்க்
கொம்புகளில் கோடு போட ஆரம்பித்தேன்.
முழத்துக்கு ஒன்று என்றே கை போனது.
எச்சில் தொட்டு அழித்தேன்.
கிடாரத்து அடுப்புக்கு இரண்டு முழம் வேண்டும்,
தீ அடி முழுக்கப் பிடிக்க.

வில்பிரட் குப்பியின் மூடியைத் திருகினான்.

ஆனால் இது பச்சை மரம்.
பேறுகாலத்துக்குள் காயாது, புகைதான் மிஞ்சும்.
கொட்டகையில் கிடக்கும்
போன வருடத்து ரப்பர் விறகைக் கொடுத்து
இதை நான் எடுத்துக்கொள்ள வேண்டிவரும்.
அதை நாளைக்குச் சொல்லலாம்.
முதலில் அந்த அறுநூறு.