நாற்பத்திரண்டாம் பக்கம்

குளிர் உள்ளே வரும் சுவரில்
மாப்பசை காய்ச்சி ஒட்டினோம்,
அக்கரப்பத்தனைக் கடையில் நிறுத்து வாங்கிய
பழைய தாள் இரண்டு கிலோ.
பாதி தேர்தல், பாதி ராசிபலன்.
அடுப்புப் பக்கம் முழுக்க
அட்டை போன ஒரு ஜப்பான் நாவல்,
யாரோ தமிழில் தந்தது,
நூறு வருசத்துக் கதை.
எழுதியவன் பேர் அட்டையோடு போயிற்று.

ஒற்றைப்படைப் பக்கங்கள் வீட்டைப் பார்க்கும்.
இரட்டைப்படை சுவரைப் பார்க்கும்.

நாற்பத்தொன்றில் அவன்
செருப்பைக் கழற்றிச் சேர்த்து வைத்துவிட்டுக்
கடலுக்குள் இறங்குகிறான், இடுப்பளவு.
நாற்பத்து மூன்றில்
யார் வீட்டுப் படியிலோ ஈரத்தோடு உட்கார்ந்து
பழம் தின்கிறான்.
என்ன பழமோ, நான் மரத்தக்காளி என்று வைத்துக்கொண்டேன்.
சாறு முழங்கை வரை வழிகிறது.
நடுவில் நடந்தது
சுவருக்கு மட்டும் தெரியும்.

அந்த வருசம் நான் நாற்பத்தொன்றில் இருந்தேன்.
கொழுந்து மடுவத்தில் யாரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
இரவில் செருப்பைச் சேர்த்து வைக்கும் பழக்கம்
எப்படியோ வந்திருந்தது.

ஐம்பத்தேழில் அவன் ஊர் கேட்கக் கத்துகிறான்:
“உயிரோடிருப்பதுதான் என் வேலை!”
வாசித்துக் காட்டினேன்.
பவளக்கொடி ரொட்டிமாக் கையோடு திரும்பினாள்.
“அதுக்குப் பேர் போடுவாங்களாமா?
இவனுக்கு அப்பன் காசு அனுப்புறான்,
முப்பத்தஞ்சுல இருக்கு பாரு.
கடன் இல்லாதவனுக்கு
வெயிலும் பெருசாத்தான் தெரியும்.”
புரையேறும் வரை சிரித்தோம்.
அவள் சொன்னது சரி.
ஆனால் இடுப்பளவுத் தண்ணீரில்
அப்பனும் இல்லை, காசும் இல்லை.

மழை விடாத ஒரு ஞாயிறு
கேத்தல் ஆவி காட்டி
நாற்பத்தொன்றை உரித்தேன்.
தாள் கிழிந்தது.
மறுபக்கத்து மை சுவரிலேயே தங்கிவிட்டது,
இடம் வலமாகத் திரும்பி.
கைக்கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தேன்:
‘ஆனாலும் கொஞ்சம்’
அதற்கு மேல் கரி.

கொஞ்சம் என்ன?
கொஞ்சம் பசித்ததா, குளிர்ந்ததா,
கரையில் யாராவது நாயைக் கூப்பிட்டார்களா?
மலையேறும்போதெல்லாம் மனதுக்குள்
எழுதி எழுதிப் பார்த்தேன்.
எதுவும் நம்பும்படி இல்லை.
ஒன்றில் மட்டும் அவனுக்குத் தும்மல் வருகிறது,
அது பரவாயில்லை.

கிழிந்த இடத்தில் காற்று இன்னும் வருகிறது.
இன்றைக்குப் பதினொரு கிலோதான்.
செக்ரோலில் அரைப்பேர்.
மீதி அரையை நானே போட்டுக்கொண்டேன்:
படியில் உட்கார்ந்து
மரத்தக்காளி ஒன்றை உப்புத் தொட்டு,
முழங்கை வழிய.
ஒரு செருப்பு வாசலில் கிடந்தது.
மற்றது கானுக்குள்.