ஆர்ஃபாவின் கால்

மரச்சாமான் கடையின் மாடி. ஆகஸ்ட் புழுக்கம்.
ஜன்னலெல்லாம் கம்பளி கட்டியிருந்தார்கள்.
மெழுகுத்தட்டுக்கு வெளிச்சத்தம் ஆகாதாம்.

லான்ஸோவின் ஃபிடிலுக்குள்
ஒரு கிலுகிலுப்பைப் பாம்பின் வால்முனை கிடக்கும்;
ஈரம் அண்டாது, எலி வராது என்பார்.
உள்ளே எட்டிப் பார்த்த நியூயார்க்காரர்
மூக்கைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

அப்புறம் ஆர்ஃபாவின் கால்.
பாஞ்சோ மடியில் ஏறினால் அது தரையை உதைக்கும்.
"கால் மட்டும் வேண்டாமே, அம்மா" என்று
அடியில் ஒரு தலையணையைத் திணித்தார்.
தாளம் பஞ்சுக்குள் போய்விட்டது.
என் கிதார் இரண்டு முறை குப்புற விழுந்தது.

சிவப்பு விளக்கு எரிந்ததும் முடிக்க வேண்டும்.
"எப்படி முடிப்பது?" என்றார் லான்ஸோ.
நியாயமான கேள்வி.
சோளம் உரிக்கும் இரவுகளில்
இதை நாங்கள் முடித்ததே இல்லை.
ஆடுகிறவர்கள் களைத்து உட்காருவார்கள்,
அல்லது யாராவது யாரையாவது அடிப்பார்கள்.

ஆளுக்குப் பதினைந்து டாலர்.
திரும்பும் வழியில் ஆர்ஃபா பேசவில்லை.

நவம்பரில்
நிலக்கரிக் கம்பெனிக் கடையில் தட்டு சுழன்றது.
"யாரப்பா இவன், ரயிலைப் பிடிக்க ஓடுகிறான்?"
தன்னையேதான் கேட்டார் லான்ஸோ.
வில் பாதியில் நின்றது.
அதன் பின்னால், இரைச்சலுக்குள்,
யாரும் அழிக்க மறந்த ஒரு குரல்:
"அவ்வளவுதானா?"

கடைக்காரர் ஊசியைத் தூக்கினார்.
மாவு மூட்டைகளுக்கு அந்தப்பக்கம்
யாரோ ஒருவருடைய சுரங்க பூட்ஸ்
இன்னும் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தது.
ஆர்ஃபா திரும்பிப் பார்த்தாள்.