நாளை தூரம்

கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம்.
அசைக்காமல் இருபது நிமிடம்.
விதி அவ்வளவுதான்.
சுவர்க் கடிகாரம் நின்று வெகுநாளாயிற்று,
கைபேசியில் பார்க்கிறேன்: இரண்டு பதினொன்று.

தெம்மோவின் அண்ணன் பாம்பையும் கொண்டுவந்திருக்கிறான்
சர்க்கரைப் பையில், தலை நசுங்கி.
மாட்டுக் கோலால் எத்தனை முறை அடித்தானோ.
"இதுதான் சிஸ்டர். இது எது?"
டார்ச் அடிக்கிறேன்.
செதில் உண்டு. வால் உண்டு.
பெயர் இல்லை.
ஊதிப் பருத்து உறுமும் பெரிய விரியனா,
செதிலோடு செதில் உரசிச் சீறும் சின்ன விரியனா?
சின்னதற்கு இங்கே ஹவுஸாவில்
கோபே-டா-நீசா என்பார்கள்.
நாளை தூரம்.
கடிபட்டவன் காதில் விழக்கூடாத பெயர்.

அலமாரியில் மேல்தட்டு நிறைய மருந்து.
கீழ்த்தட்டில் மூன்றே குப்பிகள்.

மேல்தட்டுப் பெட்டிகள் கடல் தாண்டி வந்தவை.
விலை மலிவு, அச்சு சுத்தம்.
அட்டையில் நான்கு பாம்புகள்:
நல்ல பாம்பு, கட்டுவிரியன்,
கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்.
நான்கில் ஒன்றும் இந்தச் சோளக்காட்டில் ஊர்ந்ததில்லை.
சுருட்டை மட்டும் எங்கள் சின்ன விரியனுக்குப் பங்காளி.
அதே முதுகுப் புள்ளி, அதே முன்கோபம்.
ஆனாலும் பங்காளி வீட்டுச் சாவி
நம் வீட்டுப் பூட்டைத் திறப்பதில்லை.

போன அறுவடையில் கற்றேன் இதை.
யெரிமா, வெல்டிங் பட்டறைக்காரர்,
விறகு பொறுக்கப் போனவர்.
மேல்தட்டிலிருந்து ஆறு குப்பி.
குழாயைக் கவிழ்த்தேன், தண்ணீராய் ஓடியது.
இன்னும் நான்கு. ஓடியது.
ஈறில் கசிந்தார், சிறுநீரில் கசிந்தார்,
ஊசி குத்திய இடமெல்லாம்
சின்னச் சின்ன வாயாய்த் திறந்தே கிடந்தது.
பத்து குப்பி செலுத்தப்பட்டது என்று
பதிவேட்டில் எழுதினேன்.
என் கையெழுத்து அழகு, எல்லோரும் சொல்வார்கள்.

பொய் மருந்தில்லை அது.
வேறொரு மண்ணின் உண்மை.
எங்கோ ஒரு வயல்வரப்பில்
ஒருவனை அது எழுப்பி உட்காரவைத்திருக்கும்,
அவன் கஞ்சி கேட்டிருப்பான்.
குதிரையின் ரத்தத்துக்கு எந்தப் பல்லை அறிமுகம் செய்தார்களோ
அந்தப் பல்லைத்தான் அதற்குத் தெரியும்.
குதிரையைக் குற்றம் சொல்ல முடியுமா?

இரண்டு முப்பத்தொன்று.
கவிழ்க்கிறேன்.
சிவப்பு, தயங்காமல், என் கையுறைக்கு வருகிறது.

சின்ன விரியன்.

கீழ்த்தட்டுக்குக் குனிகிறேன்.
அண்ணன் கேட்கிறான்:
"மேலே அவ்வளவு இருக்கிறதே,
அதில் கொடுத்தால் செலவு குறையாதா?"
ஒரு கிடாரியை விற்க வேண்டும் அவன், சினையாய் இருப்பதை.
"குறையும்" என்கிறேன்.
அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை.
குப்பியில் நீரை இறக்கி
உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுகிறேன்.
நுரைக்கக் கூடாது. குலுக்கக் கூடாது.
கை குலுக்கத்தான் பார்க்கிறது.

விடிந்து, எட்டரைக்கு, இன்னொரு குழாய்.
எட்டு ஐம்பது.
கவிழ்க்கிறேன்.
அடியைப் பிடித்துக்கொண்டு
விழமாட்டேன் என்கிறது ரத்தம்.

தெம்மோ கண் திறந்து,
மாடுகளை யார் அவிழ்த்துவிட்டது என்கிறான்.
அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

கீழ்த்தட்டில் இரண்டு.
சோளம் இன்னும் பால் பிடிக்கவே இல்லை.