வெறும் வயிற்றில்

என் விரல் பட்டதும் துள்ளாதவர்
கோத்தகிரியில் இதுவரை எவருமில்லை.
முழங்கை மடிப்பில் நரம்பு தேடுவேன்.
"ஐயோ சிஸ்டர், இது கையா, ஐஸ் பெட்டியா?"
ஊசிக்குப் பயந்து வந்தவர்கள்
ஊசியை மறந்து என் கைக்குப் பயப்படுவார்கள்.
போர்வைக்குள் எட்வின்
எனக்கென்று எல்லைக்கோடு போட்டிருக்கிறான்.

இந்தக் கைக்கும் ஒரு வேலை உண்டென்று
நேற்றிரவு பத்தேகாலுக்குத் தெரிந்தது.

மைதாவில் வெண்ணெயைத் தேய்க்கவேண்டும்,
ஆனால் உருகவிடக் கூடாது.
மேட்டுப்பாளையத்தில் என்றால்
தொட்டதுமே நெய்யாகி வழிந்திருக்கும்.
அரவேணுவில், ஐப்பசி மழையில், என் விரலிடுக்கில்
வெண்ணெய் தூக்கம் கலையாமல்
பட்டாணியாகி, ரவையாகி உதிர்ந்தது.

சர்க்கரை கொஞ்சம்.
உப்பு, போட்டேனா என்று சந்தேகப்படுமளவு.
சாயங்காலமே கட்டஞ்சாயாவில் ஊறிய கிஸ்மிஸ்
குளித்துவிட்டு வந்ததுபோல் பளபளவென்று.
அக்ரூட் உடைக்கச் சுத்தியல் கிடைக்கவில்லை,
கதவிடுக்கில் வைத்து நெரித்தோம்.
பாதி பருப்பு, பாதி ஓடு.
ஒரு துண்டு பீரோவுக்கடியில் ஓடியது,
போகட்டும், எலிக்கும் தீபாவளி.

எலுமிச்சை பிழிந்து திரித்த பாலை ஊற்றி
பிசையாமல் ஒன்றுசேர்த்தேன்.
பிசைந்தால் அது சப்பாத்தி.
வட்டமாக வெட்ட ஏதாவது வேண்டுமே?
லேபில் கொடுக்கிற மாதிரி டப்பா ஒன்று வீட்டில் இருந்தது.
புதியது. உறை பிரிக்காதது.
இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.
எட்வின் ஆனாலும்
அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நேராக இறக்கு, நேராக எடு, திருகாதே.
திருகினால் ஓரம் மூடிக்கொள்ளும், மேலெழும்பாது.
காகிதத்தில் இதை மட்டும்
நான் இரண்டாம் முறை படிக்கவில்லை.
பதினோரு வருஷமாய்
கைகளில் அதைத்தானே செய்கிறேன்.

ஒன்பதாவது நிமிஷம் கரண்ட் போனது.
எங்கோ ஒரு சில்வர் ஓக்
கம்பிமேல் சாய்ந்திருக்கும்.
போனஸில் வாங்கிய ஓவனுக்குள்
சிவப்புக் கம்பி கறுத்துக்கொண்டே போயிற்று.
"திறந்து பாரேன்."
"தொட்டால் கொன்றுவிடுவேன்."
இருட்டில் தரையில் உட்கார்ந்தோம்.
தகரத்தின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தேன்.
கொஞ்ச நேரம் அது
எல்லாருடையதும் போல ஒரு கை.
அவன் அதை எடுத்துத்
தன் பிடரியில் வைத்துக்கொண்டான்,
ஒன்றும் பேசாமல்,
ஆறும்வரை.

டார்ச் அடித்து எண்ணினோம். பதினாறு.
ஐந்து சாய்ந்திருந்தன, ஒன்று கவிழ்ந்தே போயிருந்தது.
ஒரு கன்னம் பொன்னிறம், மறு கன்னம் சோகை.
ஹீமோகுளோபின் ஏழு இருக்கும் என்றேன்.

காலை ஆறரை. லேப் வாசலில்
ராத்திரி எட்டிலிருந்து வாயில் ஒன்றும் படாதவர்கள்:
மப்ளர் சுற்றிய போஜன், எஸ்டேட் லைன் புஷ்பராணி,
மினிபஸ் ஓட்டும் சுல்பிகர், அவர் மாமியார்.
டப்பா மூடியைச் சரியாக அழுத்தவில்லை நான்.
வாசனை டோக்கன் வாங்காமல் உள்ளே வந்தது.
வரிசை கலைந்தது.

"ரத்தம் முதலில், ஸ்கோன் பிறகு."
"சர்க்கரை பார்க்க வந்தவனுக்குச் சர்க்கரையா?" என்றாள் புஷ்பராணி.
"சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழித்து
இன்னொரு டெஸ்ட் இருக்கே," என்றார் போஜன்,
"எதையாவது சாப்பிட்டாகணும் இல்லையா?"
சட்டைக் கையை அதற்குள் சுருட்டிவிட்டிருந்தார்.

தொட்டேன். துள்ளினார்.
எடுத்தேன், பஞ்சு வைத்தேன், ஒன்று கொடுத்தேன்.
நின்றுகொண்டே தின்றார்.
பல்லில் சிக்கிய ஓட்டுச்சில்லை எடுத்து
டோக்கன் சீட்டின்மேல் பத்திரமாக வைத்தார்.
பிறகு இன்னொன்றுக்காக
பஞ்சு ஒட்டிய அதே கையை நீட்டினார்.

பழக்கதோஷம்.
நரம்பைத் தேடிவிட்டேன்.