செவ்வாய்க்கிழமை விடுமுறை

மிஷன் வீதி, இரண்டாவது மாடி.
ஜெராக்ஸ் கடைக்கு மேலே, பல் டாக்டருக்குக் கீழே
என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் பாரிஸ்.
பதினொரு வருடமாக என் முழங்கை ஊன்றியிருப்பது
ஒரு பாலத்தின் மேலும்
பாதித் தேவாலயத்தின் மேலும்.
சென் நதியில் டீ டம்ளர் வைத்த வட்டங்கள்.
புதிதாக வருகிறவர்கள்
ஏரியா என்று கேட்கிறார்கள்.

லூவருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.
தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் சொல்வேன்.
கோபுரத்தில் இரண்டாம் தளத்தோடு நின்றுவிட்டால்
முழங்காலுக்கும் நல்லது, பைக்கும் நல்லது.
நோத்ருதாம் எரிந்த இரவில்
டிவியில் கூரை சரிவதைப் பார்த்தபடியே
ஆறு குடும்பங்களின் மூன்றாம் நாளை
நான்தான் மாற்றி எழுதினேன்.
அழுதேனா என்றால் இல்லை.
அழுவதற்குப் போயிருக்க வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வந்தார்கள்
கலியபெருமாளும் பெரியநாயகியும்.
மின்வாரிய ஓய்வுப் பணம்,
மகன் போட்ட மீதி.
அவர் என் பட்டியலைப் பேனா முனையால் எண்ணினார்.
ஏழு நாள், இருபத்து மூன்று இடம்.
"அவ்வளவுதானாம்மா? இன்னும் ரெண்டு போடுங்க."
கீரைக்கட்டோடு கொசுறாய்க் கறிவேப்பிலை வைப்பதுபோல்
ராஜாவின் தலை போன சதுக்கத்தையும்
சாக்கடை மியூசியத்தையும் சேர்த்துக் கொடுத்தேன்.
சாக்கடைக்கு டிக்கெட்டா என்று
பெரியநாயகி சிரித்த சிரிப்பு
மாடிப்படி வரை கேட்டது.

திரும்பி வந்து
கோபுரச் சாவிக்கொத்து ஒன்றை மேசையில் வைத்தார்கள்.
அவர் போனைத் தள்ளித் தள்ளிக் காட்டினார்:
தலைகள், தலைகளுக்கு மேல் கைகள்,
கைகளில் போன்கள்,
தூரத்தில் தபால்தலை அளவில் அந்தப் பெண்ணின் முகம்.
"சிதம்பரத்தில் ஆருத்ரா கூட்டம்தாம்மா.
ஒருத்தர்கூடக் கும்பிடல."

அந்த அம்மாளுக்கு நாலாம் நாள் கால் வீங்கிவிட்டது.
ஆற்றோரம் ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு
இவர் மட்டும் போய் மூன்று இடம் முடித்தார்.
"அதை நீங்க எழுதலியே" என்றாள் என்னிடம்.
"எதை?"
"அந்த பெஞ்சை."
பச்சைத் தகரப் பெட்டிகளில்
பழைய புத்தகம் விற்கிற ஒருவன்,
தூறல் விழுந்ததும்
புத்தகங்களுக்குப் பாய் மூடிவிட்டுத்தான்
தன் தலைக்குத் தொப்பி தேடினானாம்.
மத்தியானம் முழுக்க அவனையே பார்த்திருந்தாளாம்.
"நம்ம கெடிலம் மாதிரிதான் ஆறு.
தண்ணி இருக்கு, அவ்வளவுதான்."

பிறகு கேட்டாள்:
"உங்களுக்கு அங்க எதும்மா பிடிச்சது?"
பொய்க்கு அவகாசமே இல்லை.
"பாலம்" என்றேன்.
"எந்தப் பாலம்?"
முழங்கையைத் தூக்கிப் பார்த்தேன்.
கண்ணாடி விளிம்பு உடைந்த மூலையில்
என் தோல் பட்டுப் பட்டு
பெயர் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது.

அடுத்த திங்கள் அரைநாள் லீவு போட்டேன்.
பெருங்கால்வாயைத் தாண்டி,
மஞ்சள் சுவரில் ஒரு காலை மடக்கிச் சாய்ந்து
படமெடுக்கிற கூட்டத்தைத் தாண்டி
பூங்காவுக்கு எதிரே நம் ஊர் மியூசியம்.
உள்ளே அரிக்கமேட்டு மண்ணிலிருந்து எடுத்த
ரோமானிய மதுச்சாடி இருக்கிறது என்று
பள்ளிக்கூடத்தில் படித்தது.
முன்பதிவும் விசாவும் இல்லாமல்
அது எப்படி வந்து சேர்ந்தது என்று
நேரில் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

கேட் பூட்டியிருந்தது.
உள்ளேயிருந்து காவலாளி
பல் குத்திக்கொண்டே சொன்னார்:
"திங்கக்கிழமை லீவும்மா. வெளியூரா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
"நாளைக்கு வாங்க.
செவ்வாக்கிழமை திறந்திருக்கும்."

நாளைக்கு நாலு விசா ஃபைல்.
காலடியில் வேப்பம்பழம் நசுங்க
கேட் கம்பியைப் பிடித்தபடி
கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.
எதிர்ப்பக்கம், பூங்கா மதிலோரம்,
ஒரு பெஞ்ச்.