பதினொன்றுக்குப் பிறகு

இரவுப் பணி ஏழு மணிக்குத் தொடங்குகிறது.
ஏழிலிருந்து பதினொன்று வரை
நான் வட்டிக்கு வேலை பார்க்கிறேன்.

கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன்:
மணிக்குப் பதினான்கு டாலர் எனக்கு,
நாளொன்றுக்கு ஐம்பத்தாறு டாலர் அதற்கு.
அசல் இன்னும் திரும்பிப் படுக்கக்கூட இல்லை.
ஞாயிறு, பண்டிகை, காய்ச்சல்
எதுவும் அதற்குத் தெரியாது.
நான் தூங்கும்போதும் குட்டி போடுகிறது.

முதல் நேர்காணலுக்கென்று
ஹண்டிங்டனில் ஒரு கோட்டு வாங்கினேன், கருநீலம்.
விலைச்சீட்டைக் கிழிக்காமல்
இடது கைக்குள் மடித்துச் சொருகிக்கொண்டு
ஐந்து கல்லூரிகளில் கை குலுக்கினேன்.
ஏன் மருத்துவம் என்று கேட்டவர்களிடம்
அப்பாவின் முதுகைப் பற்றிச் சொன்னேன்:
ஒஹாயோ ஆற்றில் நிலக்கரித் தெப்பங்களைப்
பிணைத்துப் பிணைத்துக் கோணிப்போன முதுகு.
பேசப் பேசச் சீட்டின் முனை
மணிக்கட்டில் குத்திக்கொண்டிருந்தது.
இருபத்தொன்பதாம் நாள் திருப்பிக் கொடுத்தேன்.
அளவு சரியில்லையா, என்றாள் கடைப்பெண்.
சரியாகத்தான் இருந்தது.
அதுதான் வருத்தம்.

என்னை வேண்டாமென்ற பதினான்கு கல்லூரிகளும்
கட்டணம் வாங்கிக்கொண்டுதான் வேண்டாமென்றன.

வேண்டுமென்ற கல்லூரியில்
ஒன்பதாம் மேஜையில் ஒருத்தி கிடந்தாள்.
நகங்களில் இளஞ்சிவப்புச் சாயம் பாதி உதிர்ந்திருந்தது.
அந்தக் கட்டடத்திலேயே
விலை சொல்லாமல் எதையாவது கொடுத்தவள்
அவள் ஒருத்திதான்.
அவளுடைய இதயத்தைக் கையிலேந்திய அன்று
அந்தப் பருவத்தின் இரண்டாம் தவணை
கல்லூரிக் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது.
நடுவில் என் கை படவில்லை.

கடன் பத்திரத்தில், ஏழாம் பக்கத்தில், ஒரு வரி:
கடன்பட்டவர் இறந்தால் பாக்கி தள்ளுபடி.
இறப்புச் சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும்.
அறைத்தோழி மேரிபெத்துக்கு உரக்கப் படித்துக் காட்டினேன்.
ஒரு சலுகையாவது இருக்கிறதே, என்றாள்.
சிரித்துச் சிரித்து எங்களுக்குப் புரையேறியது.
இருபத்திரண்டு வயது அப்போது.

இப்போது அந்தச் சான்றிதழ்களை
எழுதுகிறவளே நான்.

இன்று: வெர்லின் ஸ்டம்ப், எழுபத்தொன்று,
இறந்த நேரம் மூன்று நாற்பது.
உடனடிக் காரணம், ஒரு கோடு.
அதற்குக் காரணம், இன்னொரு கோடு.
அதற்கும் காரணம், கடைசிக் கோடு.
மாத்திரையைப் பாதியாக உடைத்து
ஒரு மாதத்தை இரண்டு மாதமாக இழுத்ததை
எந்தக் கோட்டில் எழுதுவது?
இதயச் செயலிழப்பு என்று எழுதினேன்.
பொய்யில்லை.

அவர் மனைவி ஓர்லீன்
அழுது முடித்திருந்தாள், அல்லது இன்னும் தொடங்கவில்லை.
கைப்பையைத் திறந்தாள், மூடினாள்.
"டிரக்குக்குப் பதினெட்டுத் தவணை பாக்கி, டாக்டர்.
அது அவரோடு போய்விடுமா?"

டிரக் கடன் எனக்குத் தெரியாது.
என்னுடையது போய்விடும், அம்மா
என்று நாக்கு நுனிவரை வந்ததை
விழுங்கிக்கொண்டேன்.
எட்டு மணிக்கு ஓர் அலுவலர் வருவார்,
அவரைக் கேளுங்கள் என்றேன்.
எண் எழுதிக்கொள்ளப் பேனா கேட்டாள்.
கொடுத்தேன்.

பிறகு ஆறாம் மாடி ஜன்னலருகே நின்றேன்.
கீழே ஆற்றில் ஒற்றை விளக்கோடு
தெப்பவரிசை ஒன்று நகர்ந்தது, பாரத்தோடு, மெதுவாக.
பழக்கதோஷம், மறுபடி கணக்குப் போட்டேன்.
மூன்று நாற்பது.
பதினொன்று தாண்டி நாலு மணி நாற்பது நிமிடம்.

அப்படியானால் வெர்லின் ஸ்டம்ப்
என் நேரத்தில்தான் இறந்திருக்கிறார்.
மண்டியிட்டு இருபத்தாறு நிமிடம்
அவர் மார்பை நான் அழுத்தியதும்
என் நேரத்தில்தான்.
அதில் எவனுக்கும் பங்கில்லை.
எந்தத் தவணையிலும் அதைக் கழிக்க முடியாது.

ஓர்லீன் பேனாவைத் திருப்பித் தர மறந்துவிட்டாள்.
நல்ல பேனா.
போகட்டும்.